கிறீச்சிடும் கதவும் ஒரு துளி எண்ணெயும்

 

மாரி தொடங்க முதல் வீட்டுக் கதவுகளுக்கு எண்ணெய் விடுவது எங்கள் வீட்டு வழக்கம். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சின்ன மகனையும் கூட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினோம். முன்கதவு, அறைக்கதவுகள், குசினிக் கதவு, பிறகு யன்னல்கள். கடைசியாக வீதிக் கேற். அஸருக்கு அதான் சொல்லும்போது வேலை முடிந்துவிட்டது. சுபஹுக்குப் பள்ளிக்குப் புறப்படும்போது வீட்டையே எழுப்பிவிடுகிற முன்கதவு அடுத்த நாள் ஒரு சத்தமும் இல்லாமல் திறந்தது. உறங்கிய பிள்ளைகள் அசையவில்லை. அந்தத் திருப்தியை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

வேலை நடக்கும்போது மகன் கேட்டான்: "வாப்பா, இதுக்கு ஏன் இவ்வளவு மினக்கெடுறீங்க? கதவு கத்தினா கத்தட்டுமே." வகுப்பறையில் கேட்டிருந்தால் உராய்வு என்று கரும்பலகையில் எழுதிவிட்டு நகர்ந்திருப்போம். வீட்டில் கேட்ட கேள்விக்கு விடை கொஞ்சம் நீளம். அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் கதவின் கதை. பழைய காலத்துக் கதவுகளுக்குப் பிணைச்சல் கிடையாது. கதவுப் பலகையின் மேலும் கீழும் குடுமி விட்டு, அதை நிலையிலும் வாசற்படியிலும் குடைந்த குழிகளில் நிறுத்துவார்கள். கதவின் முழுப் பாரமும் கீழ்க்குழியில் இறங்கும். பழைய கோயில்களிலும் பெரிய வீடுகளிலும் அப்படிப்பட்ட கதவுகளை இன்றும் காணலாம். அந்தக் குழிக்குள் எண்ணெய் விடுவதுதான் அந்நாளைய வழி.

சங்க இலக்கியத்தில் பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை, அரண்மனையின் வாயிலை வர்ணிக்கும்போது இரும்பால் பிணித்த இரட்டைக் கதவையும், வெண்சிறுகடுகு அப்பி நெய் பூசிய உயர்ந்த நிலையையும் சொல்கிறது. அந்த நெய் வாயிலில் உறையும் தெய்வத்துக்கு என்பது உரைகாரர் விளக்கம். சத்தத்தை நிறுத்துவதற்கு அல்ல. ஆனாலும் தமிழர் வாசலில் எண்ணெய்ப் பிசுக்கு எவ்வளவு பழையது என்பதை அது காட்டுகிறது.

யாழ்ப்பாணம் 1619 இல் போர்த்துக்கேயர் கையிலும், 1658 இல் ஒல்லாந்தர் கையிலும், 1795 இல் ஆங்கிலேயர் கையிலும் போனது. அவர்கள் போய்விட்டார்கள், சொற்கள் வீட்டுக்குள் தங்கிவிட்டன. யன்னல் போர்த்துக்கேயச் சொல். மேசை இலாச்சி ஒல்லாந்தச் சொல். தமிழ்நாட்டார் சொல்லும் சாவிகூடப் போர்த்துக்கேயச் சொல்தான். நாங்கள் அதைத் திறப்பு என்கிறோம். பூட்டுவதும் அதே பொருளால்தான், ஆனால் பெயரைத் திறப்பதற்குக் கொடுத்திருக்கிறோம்.

இனி எங்கள் தெருவுக்கு வருவோம். சோனகத்தெருப் பக்கத்துப் பழைய வீடுகளில் முதிரைக் கதவுகள் இருந்தன. முதிரை பாரமான மரம். கறையான் இலேசில் தொடாது. அந்தப் பாரத்தைத் தாங்கத் தடித்த இரும்புப் பிணைச்சல் வேண்டும். எங்கள் ஊரவர் பலர் இரும்புக் கடை வைத்திருந்தார்கள்; பலர் தையற்காரர். எங்கள் வாப்பாவும் தையற்காரர். ஆகவே எங்கள் வீட்டில் கதவுக்கு விடும் எண்ணெய் தையல் மெஷின் எண்ணெய்தான். மூக்கு நீண்ட சின்னக் குப்பி. வாப்பா மேல் பிணைச்சலில் இரண்டு துளி விட்டுக் கதவைப் பத்துத்தரம் ஆட்டுவார். நாங்கள் பிள்ளைகள் கதவில் தொங்கிக்கொண்டு அந்த ஆட்டத்தில் ஊஞ்சலாடுவோம். உம்மம்மா ஏசுவார்: "கதவு கழண்டு விழுந்தா ஆர் கட்டுறது?"

1990 ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை. அந்த வருடமும் மாரிக்கு முன் வாப்பா எண்ணெய் விட்டு முடித்திருந்தார். அன்று காலையில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எல்லோரும் ஜின்னா மைதானத்தில் கூட வேண்டும் என்றார்கள். அங்கே விடுதலைப் புலிகள் சொன்னது, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்பது. வழியிற் சோதனை. நகையும் பணமும் வாங்கப்பட்டன. பெரும்பாலோர் கையில் மிஞ்சியது உடுப்புப் பையும் 150 ரூபாவும். அந்த மாதத்தில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70,000 இற்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் இப்படி வெளியேற்றப்பட்டார்கள். இதெல்லாம் நம்மில் மூத்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிள்ளைகளுக்காக எழுதுகிறோம்.

வாப்பா மெஷினை விட்டுவிட்டு வந்தார். கதவைப் பூட்டித் திறப்பை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இரண்டு கிழமையில் திரும்பிவிடலாம் என்றுதான் பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

புத்தளத்தில் நாங்கள் வளர்ந்தது கிடுகுக் கொட்டிலில். அதற்கு வாசல் உண்டு, கதவு இல்லை. கிடுகாற் பின்னிய தட்டி ஒன்றைக் கயிற்றாற் கட்டியிருப்போம். தூக்கி ஒரு பக்கம் சாத்தினால் திறந்தது. இந்தப் பக்கம் சாத்தினால் மூடியது. அதற்குப் பிணைச்சல் இல்லை. ஆகவே சத்தமும் இல்லை, எண்ணெயும் தேவையில்லை. முகாமில் பிறந்த எங்கள் தம்பி ஏழு வயதில் முதன்முறையாக ஒரு கல்வீட்டுக்குப் போனபோது அந்த வீட்டுக் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றான். வீட்டுக்காரர் சிரித்தார். உம்மா சிரிக்கவில்லை.

2002 இல் போர்நிறுத்தம் வந்தது. ஏ9 வீதி திறந்தது. வாப்பாவோடு நாங்கள் ஊருக்கு வந்தோம். வாப்பா பையில் அந்தத் திறப்பும் இருந்தது. வீடு நின்றது, ஆனால் கூரை இல்லை, கதவு ஒன்றும் இல்லை, யன்னல் இருந்த இடங்களில் சதுரமான ஓட்டைகள். முன்வாசல் நிலை மட்டும் சுவரோடு நின்றது. அதில் பிணைச்சலின் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. ஊசியைத் தட்டிக் கழற்றிக் கதவைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் நிலையில் இருந்த பாதியை விட்டுவிட்டார்கள். வாப்பா திறப்பைக் கையில் எடுத்தார். போட்டுத் திறக்கப் பூட்டு இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அந்தப் பாதிப் பிணைச்சலின் துருவை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "எண்ணெய் விட ஆள் இல்லாட்டி இப்பிடித்தான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் இன்னொரு ஒக்டோபர் 30 ஐயும் சொல்லாவிட்டால் வரலாறு பாதிதான். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30 இல், வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் மழைக்குள் செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். அவர்களும் கதவைப் பூட்டிவிட்டுத்தான் போனார்கள். திரும்பி வந்தபோது பலருக்கு எங்களுக்கு நடந்ததேதான் நடந்திருந்தது. மயிலிட்டி மக்கள் 1990 இல் இடம்பெயர்ந்து, 2017 இல் தான் தங்கள் காணிகளிற் சிலவற்றில் மறுபடி கால் வைத்தார்கள். இந்தக் குடாநாட்டில் கதவைப் பறிகொடுக்காத ஊர் குறைவு.

நாங்கள் நிரந்தரமாகத் திரும்பியது 2009 இற்குப் பிறகு. சுவரைப் பூசி, கூரைக்குத் தகரம் போட்டு, வாசலுக்குச் சாக்கைத் தொங்கவிட்டுக் குடியிருந்தோம். ஒரு நாள் பின்னேரம் இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கிற ஒரு தமிழ் அம்மா வந்தார். வாப்பாவிடம் உடுப்புத் தைத்தவராம். வாசலில் நின்றபடியே சொன்னார்: "அண்ணை, உங்கட முன்கதவு எங்கட வீட்டில நிக்குது. தொண்ணூற்றாறில திரும்பி வரேக்க எங்கட கதவும் இல்லை. நாங்கள் எடுக்காட்டி வேற ஆரும் எடுத்திருப்பினம். ஆளனுப்பி எடுப்பியுங்கோ."

வாப்பா உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "உங்களுக்குக் கதவு வேணாமோ?" என்று கேட்டார். "மகன் வெளிநாட்டிலயிருந்து காசு அனுப்பினவன். புதுசு போட்டிட்டம்" என்றார் அவர். உம்மா அவரை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணீர் கொடுத்தார். இருவரும் அழுதார்கள். எங்களுக்கு அப்போது கோபமும் வந்தது, நன்றியும் வந்தது. இரண்டில் எது கூட என்று இன்றும் சொல்ல முடியாது. பதினான்கு வருடம் எங்கள் கதவுக்குப் பின்னால் உறங்கியவரைக் கள்ளர் என்பதா, காவலர் என்பதா? வாப்பா இரண்டும் சொல்லவில்லை. "எண்ணெய் விட்டு வச்சிருக்கிறா" என்றார். உண்மைதான். அந்தக் கதவின் பாதிப் பிணைச்சல் கறுத்து, வழுவழுப்பாக இருந்தது. எங்கள் நிலையில் இருந்த பாதி துருவேறி உதிர்ந்துகொண்டிருந்தது. ஓடாவியார் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார், பொருந்தவில்லை. புதுப் பிணைச்சல்தான் போட வேண்டியிருந்தது. பழைய பாதிகள் இரண்டும் அலமாரிக்குள் கிடக்கின்றன.

மகனே, இதுதான் மினக்கெடுவதற்குக் காரணம். எங்கள் இழப்புகளைப் பற்றி எத்தனையோ படிவம் நிரப்பினோம். வீடு, காணி, நகை, கடை, மெஷின் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. ஒவ்வொரு வருடமும் மாரிக்கு முன் கதவுக்கு எண்ணெய் விடுகிற அந்தப் பின்னேரத்துக்குக் கட்டம் இருக்கவில்லை. இருபது மாரிக்கு மேல் அது எங்களுக்கு இல்லாமல் போனது. அதை யாரும் திருப்பித் தர முடியாது. நாங்கள்தான் மறுபடி தொடங்க வேண்டும்.

சரி, ஆசிரியர் என்பதால் செய்முறையையும் சொல்லிவிடுகிறோம்.

கதவு ஏன் கத்துகிறது? ஊசியும் குழாயும் உலர்ந்து துருவேறும்போது ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. தள்ளும்போது பிடிவிட்டு வழுக்கி மறுபடி பிடிக்கின்றன. ஒரு நொடிக்குள் இது பலநூறு தரம் நடக்கும். வயலின் தந்தியில் வில் செய்வதும் இதுவே. கதவுப் பலகை அந்த அதிர்வைப் பெரிதாக்கித் தருகிறது. எங்கள் ஊரில் கடற்காற்றில் உப்பு உண்டு. மாரியில் ஈரமும் சேரும். ஆகவேதான் மழைக்கு முன்னும், மழை விட்ட பிறகும் பார்க்கச் சொல்கிறோம்.

எண்ணெய் அளவோடு வேண்டும். எகிப்தில் ஏறத்தாழ 3,900 வருடப் பழைமையான ஒரு கல்லறை ஓவியத்தில், பெரிய சிலையை மணலில் இழுத்துப்போகும் சறுக்குவண்டிக்கு முன்னால் ஒருவர் நின்று ஏதோ ஊற்றுகிறார். 2014 இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் அதைச் செய்து பார்த்தார்கள். மணலில் அளவான ஈரம் இருந்தால் இழுக்கும் விசை பாதியாகிறது. ஈரம் கூடினால் பலன் போய்விடுகிறது. பிணைச்சலும் அப்படித்தான். வழிய வழிய விட்டால் புழுதி ஒட்டி மறுபடி இறுகும்.

நல்லெண்ணெய் விடாதீர்கள். கொஞ்ச நாளில் பிசின் போலாகிவிடும். தேங்காய் எண்ணெய் அவசரத்துக்குப் பரவாயில்லை, புழுதி பிடிக்கும். கடையில் விற்கும் டபிள்யூடி-40 ஐப் பலரும் எண்ணெய் என்று நினைக்கிறார்கள். அது 1953 இல் அமெரிக்காவில் ராக்கெட் துருப்பிடிக்காமலிருக்க ஈரத்தை விரட்டச் செய்தது. நாற்பதாவது முயற்சியில் சரிவந்ததால் அந்தப் பெயர். துருவை இளக்க நல்லது. அதைத் துடைத்துவிட்டு அதன்மேல் எண்ணெய் விட வேண்டும். எங்கள் கை போவது இன்றும் தையல் மெஷின் எண்ணெய்க்குத்தான்.

முடிந்தால் கதவுக்கு அடியில் ஆப்பு வைத்துவிட்டு, ஒரு பிணைச்சலாகப் பார்த்து ஊசியைக் கீழிருந்து தட்டிக் கழற்றுங்கள். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, ஊசிக்கு எண்ணெய் பூசித் திருப்பிப் போடுங்கள். கழற்ற முடியாவிட்டால் மேலிருந்து இரண்டு துளி. கதவைப் பத்துத்தரம் ஆட்டுங்கள். வழிந்ததைத் துடையுங்கள். கதவு ஆட்டும் வேலையைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். தொங்கினாலும் ஏசாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பழைய திறப்பு, பாதிப் பிணைச்சல், யன்னற்கம்பி என்று எதையாவது உங்கள் வீட்டில் வைத்திருந்தால் இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு படம் எடுத்து, அது எந்த வீட்டுக் கதவினுடையது என்று பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுங்கள். இன்னும் திரும்பி வராத, வர முடியாத உறவுகளின் பூட்டிய வீடுகள் நம் தெருவில் இருக்கின்றன. அடுத்த வீட்டுத் திறப்பு உங்களிடம் இருந்தால், உங்கள் கதவுக்கு விடும்போது அவர்களுடைய கதவுக்கும் இரண்டு துளி விடுங்கள். அவர்கள் வரும் நாளில் அந்தக் கதவு இலேசாகத் திறக்கட்டும்.