காலமுறைச் சில்வண்டுகளும் காட்டு வான்கோழிகளும்

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் 13 அல்லது 17 ஆண்டுகளுக்கு ஒருமுறை மண்ணிலிருந்து திரளாக வெளிவரும் மேஜிசிகாடா பேரினச் சில்வண்டுகள், காட்டு வான்கோழிகளின் இனப்பெருக்கத்துக்குக் கைகொடுக்கும் உணவு. எந்த ஆண்டில் வெளிவருகின்றன என்பதைக் கொண்டு இவற்றைத் தொகுதிகளாகப் பிரித்து ரோமன் எண் இட்டிருக்கிறார்கள். பத்தாம் தொகுதி 2004இலும் 2021இலும் வந்தது. அடுத்த வருகை 2038இல்.

சுமார் 20 செ.மீ. ஆழத்தில் மண்ணின் வெப்பம் 18 பாகை செல்சியசைத் தொட்டதும், பெரும்பாலும் மே மாதத்தில், இளம்பூச்சிகள் இரவில் மேலே வந்து மரத்தண்டில் ஏறிச் சட்டை உரிக்கின்றன. அப்போது வெளுத்த உடலும் சிவந்த கண்ணுமாக, தொட்டால் நசுங்கும் மென்மையோடு இருக்கும். செறிவான இடங்களில் ஓர் ஏக்கரில் 15 லட்சம் வரை வரலாம். கொட்டத் தெரியாது, வேகமாகப் பறக்கவும் வராது. எண்ணிக்கைதான் இவற்றுக்குக் காப்பு: தின்பவை தின்று திகட்டிய பின்னும் மிச்சம் இருக்கும்.

வான்கோழிப் பேடு தரையில் 10 முதல் 12 முட்டைகள் இட்டு 28 நாள் அடைகாக்கிறது. குஞ்சுகள் மிகுதியாகப் பொரிவது மே கடைசியிலும் ஜூனிலும். சில்வண்டு மலிந்திருக்கும் நாட்களும் அவையே. முதல் வாரங்களில் குஞ்சுக்குப் புரதம் பூச்சிகளிலிருந்தே கிடைக்கிறது. சுமார் இரண்டு வாரம் அது தரையில் தாயின் சிறகடியில்தான் உறங்கும். குஞ்சுச் சாவு அதிகம் நேர்வதும் அப்போதுதான். சீக்கிரம் வளர்ந்து மரக்கிளைக்கு ஏறிவிட்டால் பாதி கண்டம் கழிந்தது. புதிதாய்ப் பொரித்த குஞ்சின் அலகுக்கு முழுச் சில்வண்டு கொஞ்சம் பெரிதுதான். தாய்க்கோ தட்டுப்பாடே இல்லை.

முட்டை திருடும் ரக்கூன், ஸ்கங்க் போன்றவையும் சில்வண்டைத் தின்கின்றன. அவற்றின் வயிறு நிறைந்திருப்பதால் கூடுகள் தப்புகின்றன என்ற கருத்தும் உண்டு.

பலன் உடனே கண்ணில் படாது. அந்த ஆண்டுக் குஞ்சு, இரண்டு ஆண்டு கழித்து வசந்தத்தில் கத்தும் முழுச் சேவலாகும்போதுதான் வேட்டைக்காரர்கள் வித்தியாசத்தை உணர்கிறார்கள். ஆனால் ஜூனில் குளிர்மழை விடாமல் பெய்தால், நனைந்த குஞ்சுகள் விறைத்துச் சாகும். எத்தனை சில்வண்டு இருந்தும் பயனில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அருகிப்போன இப்பறவை, பிடித்துக் கொண்டுபோய் வேறு காடுகளில் விடப்பட்டதால் பல லட்சங்களாகப் பெருகியது. அந்த ஏற்றத்தில் சில்வண்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுப்பது எளிதல்ல.