விளங்கா மேற்கோள்

பழைய உரையாசிரியர்களைப் பற்றி நான் எழுதிய கட்டுரை ஒன்று, சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகையிலிருந்து திரும்பி வந்தது. விஷயத்தில் அவர்கள் குற்றம் ஏதும் காணவில்லை. நூற்பட்டியலில் ஆசிரியர்களின் குடும்பப் பெயரை முன்னும், இயற்பெயரின் தலையெழுத்துகளைப் பின்னும் வைத்து மறுபடி அனுப்ப வேண்டும் என்பதே ஆக்ஷேபம். ‘உ. வே. சாமிநாதையர்’ என்ற பெயரை எதிரே வைத்துக்கொண்டு அரைநாள் உட்கார்ந்திருந்தேன். ‘உ’ என்பது உத்தமதானபுரம் என்னும் ஊர். ‘வே’ என்பது தந்தையார் வேங்கடசுப்பையர். எஞ்சி நிற்பதுதான் அவருடைய சொந்தப் பெயர். குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லாத மனிதருக்கு அதை எங்கிருந்து கொண்டுவருவது? கடைசியில் பெயரைத் தலைகீழாக்கி அனுப்பினேன், கட்டுரை வெளிவந்தது.

ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் இடும் முறை, 1881-இல் ஹார்வர்டில் எட்வர்ட் லாரன்ஸ் மார்க் என்னும் விலங்கியற் பேராசிரியர் ஓடில்லாத நத்தை ஒன்றின் கருவளர்ச்சியைப் பற்றி எழுதிய கட்டுரையில் தோன்றியது என்பர். 1929-இல் அமெரிக்க உளவியலார் தம் பத்திரிகைகளுக்கு எழுதுவோருக்கென ஏழு பக்கத்தில் விதிகள் வகுத்தார்கள். அந்த ஏழு பக்கம் பின்னர் பெரும் புத்தகமாயிற்று. அது அவர்கள் கதை. என்னை நெடுநாளாகக் கவர்ந்திருப்பது, எடுத்தாண்ட மேற்கோளுக்கு இடம் காட்டும் வழக்கம் நம்மிடையே எப்படி உண்டாயிற்று என்பதே.

நம் உரையாசிரியர்கள் மேற்கோளுக்குப் பஞ்சமில்லாதவர்கள். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் கூறிவிட்டு, அதற்குச் சான்றாக எங்கிருந்தோ ஓரடியை எடுத்து வைத்து, ‘என்றார் பிறரும்’ என்று முடித்துவிட்டு மேலே செல்வார்கள். அந்தப் பிறர் யார், எந்த நூலில் அவ்வாறு சொன்னார் என்பதெல்லாம் பெரும்பாலும் வராது. இதை அசிரத்தை என்று நான் கருதவில்லை. ஆசிரியரின் முன் அமர்ந்து பாடங்கேட்டு, நூல்களை நெட்டுருச் செய்தவனே அவ்வுரையைப் படிக்கப்போகிறவன் ஆதலால், முதற்சொல்லைக் கேட்டதுமே அவனுக்கு முழுப்பாட்டும் நினைவுக்கு வந்துவிடும். அவனிடம் நூற்பெயரைச் சொல்வது, வீட்டுக்காரனுக்கே அவன் வீட்டுக்கு வழி சொல்வதைப் போன்றது. ஆனால் பாடங்கேட்பார் பரம்பரை அறுந்ததும், வழி தெரிந்தவரும் இல்லை, வழி சொல்வாரும் இல்லை என்ற நிலை வந்துவிட்டது.

சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார் இதில் ஓரளவு விலகி நிற்கிறார். இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல் என்று தமக்கு ஆதாரமான நூல்களைப் பெயரிட்டே சொல்கிறார். அவற்றுள் பெரும்பாலானவை இன்று பெயரளவில் நிற்கின்றன எனினும், அந்தப் பெயராவது நமக்குக் கிடைத்தது அவர் சொன்னதால்தான். புறத்திரட்டைத் தொகுத்தவரும், பாட்டுகளோடு அவற்றின் நூற்பெயரையும் குறித்து வைத்தார். முத்தொள்ளாயிரத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட வெண்பாக்கள் இன்று நம் கையில் இருப்பதற்கு அந்தக் குறிப்பே காரணம். குறிப்பில்லாமல் உரைகளில் அநாதையாகக் கிடக்கும் அடிகளோ, எந்தக் காவியத்தின் எலும்பு என்று சொல்ல முடியாதவையாகவே இருக்கின்றன.

1880 அக்டோபரில், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணப் போனதும், அவர் சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டதும் பலரும் அறிந்த வரலாறு. அதற்குப் பின் அந்நூலைப் பதிப்பிக்க ஐயர் பட்ட பாட்டில், மேற்கோள்களால் பட்டது ஒரு பெரும்பங்கு. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே நிற்கும். செய்யுளும் வசனமும் ஒரே ஒழுக்காக இடையீடின்றி ஓடும். மூலம் எங்கே முடிந்து நச்சினார்க்கினியரின் உரை எங்கே தொடங்குகிறது, அவ்வுரைக்குள் பிறருடைய அடி எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்பதையே முதலில் ஊகித்துப் பிரிக்க வேண்டும். பிரித்த பிறகல்லவா அது யாருடையது என்று தேடுவது! அந்தத் தேட்டந்தான் அவரைத் திருவாவடுதுறை மடத்து ஏட்டுக் கட்டுகளுக்குள் இழுத்துச் சென்று, எட்டுத்தொகையையும் பத்துப்பாட்டையும் கண்முன் நிறுத்தியது. சிந்தாமணி 1887-இலும், பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும் அச்சேறின. இடம் தெரியாத மேற்கோள் ஒன்றின் பின்னால் ஒரு மனிதர் நடந்து போனதில் ஓர் இலக்கியப் பரப்பே மீண்டு வந்தது என்றால், அதில் மிகை சிறிதளவே.

அப்பதிப்புகளின் பக்கம் ஒன்றைத் திறந்து கீழே பார்த்தால், சிற்றெழுத்தில் நெருக்கமாக ஓர் உலகம் தெரியும். ‘பி-ம்.’ என்று தொடங்குவது பிரதிபேதம்; ஏடுதோறும் மாறிய பாடங்கள் அங்கே வரிசையாக நிற்கும். ‘தொல். கிளவி. சூ. 12, சே.’ என்றாற்போல ஒரு குறிப்பு வந்தால், தொல்காப்பியக் கிளவியாக்கத்துப் பன்னிரண்டாம் சூத்திரத்துக்குச் சேனாவரையர் எழுதிய உரையைப் பார்க்க என்பது பொருள். அரை வரியில் ஒருவரை உரிய ஏட்டுக்கு அழைத்துப் போகும் அந்தச் சிக்கனம் எனக்கு என்றுமே வியப்பு. அதைவிட வியப்பு, கண்டுபிடிக்க இயலாதவற்றையும் மறைக்காமல், ‘விளங்கா மேற்கோள் அகராதி’ என்று தனியே வரிசைப்படுத்தி அவர் அச்சிட்டது. தமக்குத் தெரியாததை அகராதியாக்கி வெளியிடும் துணிவு எத்தனை வித்துவான்களுக்கு வரும்!

செய்யுளெண்ணாலும் சூத்திர எண்ணாலும் இடம் காட்டும் இந்த முறை, பக்க எண்ணைவிட உறுதியானது. பக்கம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். அதனால்தான் பக்கத்தைச் சொல்பவர் அச்சிட்ட ஊரையும் பதிப்பையும் ஆண்டையும் கூடவே சுமக்க வேண்டியிருக்கிறது. ஆண்டிலும் நமக்கு ஓர் இடர் உண்டு: ‘சர்வசித்து வருஷம்’ என்று மட்டும் போட்ட பழைய புத்தகம் 1887-ஆம் ஆண்டினதா, அறுபதாண்டு சுற்றி வந்த 1947-ஆம் ஆண்டினதா என்பதைக் காகிதத்தையும் எழுத்துருவையும் தடவிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்ஸிகன், சொல்லுக்குப் பொருள் கூறி, அதன் பக்கத்தில் ஆட்சியையும் நூலின் சுருக்கப் பெயரையும் எண்ணையும் தந்தபோது, அடிக்குறிப்பில் இருந்த வழக்கம் அகராதியின் நடுப்பக்கத்துக்கு ஏறியது.

புறநானூற்றில் 267-ஆம் பாட்டும் 268-ஆம் பாட்டும் கிடைக்கவில்லை. பதிப்பித்தவர்கள் அவ்விரண்டு எண்களையும் எடுத்துவிட்டுப் பின்னுள்ளவற்றை முன்னுக்கு நகர்த்தவில்லை. பாட்டில்லாத இரண்டு எண்கள் தம் இடத்திலேயே இன்றும் நிற்க, ‘புறநா. 269’ என்று எவர் எழுதினாலும் அது ஒரே பாட்டையே குறிக்கிறது.