கோப்பைக்குள் குருதி

காப்பியின் நிறம் கருமை. தேநீரின் நிறம் செம்மை. அந்த நிறங்களைத் தந்தது செடி மட்டுமன்று என நாம் கூறினால், காலைக் கோப்பையைக் கையிலேந்தியிருக்கும் அன்பர் முகஞ்சுளிக்கக் கூடும். சுளிக்கட்டும்! சுளித்த முகத்துடனேயே நாம் குறிப்பிடப்போகும் மூன்று புதினங்களையும் அவர் படித்து முடிக்கட்டும். பிறகு பேசுவோம்.

நூலன்பர் இருவர் சந்தித்தால் எழுகின்ற முதற்கேள்வி, "அண்மையில் என்ன படித்தீர்?" என்பதுதானே! விடையாகப் பெரும்பாலும் காதற்கதை வரும், அல்லது கொலையாளியைக் கடைசிப் பக்கத்தில் காட்டிக்கொடுக்கும் கதை வரும். அவற்றைப் பழிப்பது நம் நோக்கமன்று. நாமும் அவற்றை விடிய விடியப் படித்தவர்களே. ஆனால், வகுப்பறையில் வரலாறு நடத்துவது நம் தொழில். "டச்சுக்காரர் கீழைத்தீவுகளில் வாணிகம் செய்தனர்" என்று பாடநூலில் ஒரே வரி இருக்கிறது. அந்த ஒரு வரியின் வயிற்றைக் கீறிக் காட்டுகின்ற புதினமொன்றை இந்த விடுமுறையில் படித்தோம். படித்த கையோடு உறங்க முடியவில்லை. எனவே எழுதுகிறோம்.

'மேக்ஸ் ஹாவ்லார்' என்பது அப்புதினத்தின் பெயர். டச்சு மொழியில் 1860இல் வெளிவந்தது. எழுதியவர் எடுவர்ட் டவ்வெஸ் டெக்கர். நூலில் அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் முல்டாட்டுலி. 'நான் மிகுதியும் துன்புற்றேன்' என்பது அந்த இலத்தீன் பெயரின் பொருள். ஆம்ஸ்டர்டாம் நகரில் 1820இல் பிறந்து, தமது பத்தொன்பதாம் வயதிற்குள் அரசாங்க வேலைக்கெனக் கடல் கடந்தவர் அவர். சென்று சேர்ந்த இடம் சாவகம், அதாவது ஜாவா. மணிமேகலைக் காப்பியம் கூறும் சாவகம் இத்தீவே என ஆய்வாளர் பலர் கருதுவர். மணிமேகலை அட்சயபாத்திரம் ஏந்திப் பசிப்பிணி போக்கிய கதை நமக்குத் தெரியும். டெக்கர் கண்ட சாவகத்திலோ நெல் விளைந்தது, பசியும் விளைந்தது!

எப்படி? 1830இல் வான் டென் போஸ் என்னும் ஆளுநர் அங்கு ஒரு முறையைப் புகுத்தினார். உழவன் தன் நிலத்தில் ஐந்திலொரு பங்கில், அரசு கேட்கும் காப்பியையோ கரும்பையோ அவுரியையோ பயிரிட்டுத் தரவேண்டும். ஐந்திலொன்று என்பது ஏட்டுக்கணக்கு, காட்டுக்கணக்கு வேறு. விளைச்சலைப் பெருக்கிக் காட்டிய டச்சு அதிகாரிக்கும், உள்ளூர்ச் சிற்றரசனுக்கும், விளைந்ததில் விழுக்காடு உண்டு. விழுக்காடு உயர உயர உழவன் முதுகு வளைந்தது. நெல் நடவேண்டிய பொழுதில் அவுரி நட்டனர். 1840களின் இறுதியில் நடுச்சாவகத்தின் தேமாக், குரோபோகன் பகுதிகளில் பஞ்சம் தலைவிரித்தாடியது. அதே காலத்தில் நெதர்லாந்தின் கருவூலமோ நிறைந்தது. 1831 முதல் 1877 வரை அங்கே போய்ச் சேர்ந்த தொகை ஏறத்தாழ 82 கோடி கில்டர் என்பது வரலாற்றாசிரியர் கணக்கு. அத்தொகையால் அந்நாட்டின் கடன் தீர்ந்தது, இருப்புப்பாதையும் எழுந்தது.

1856 சனவரியில், மேற்குச் சாவகத்தின் லெபாக் மாவட்டத்திற்குத் துணை அதிகாரியாக டெக்கர் சென்றார். சில வாரங்களிலேயே கணக்கேட்டையும் மக்களின் கண்ணீரையும் ஒப்பிட்டுப் பார்த்தார். உள்ளூர்த் தலைவன் உழவரின் எருமைகளைப் பறிக்கிறான், கூலியின்றி வேலை வாங்குகிறான் என்று மேலதிகாரிக்கு எழுதினார். மேலதிகாரிக்கு அது புதுச்செய்தியன்று. ஆனால் எழுத்தில் வந்ததுதான் குற்றமாகிவிட்டது! தலைமை ஆளுநர் இடமாற்ற ஆணை அனுப்பினார். டெக்கர் பதவியையே உதறினார். எல்லாம் மூன்று மாதத்தில் முடிந்தது. பின்பு ஐரோப்பாவில் வறுமை, கடன், அலைச்சல். 1859ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், பிரசெல்ஸ் நகரத்து விடுதி அறையொன்றில், ஏறக்குறைய ஒரே மாதத்தில் இந்நூலை எழுதி முடித்தார்.

சினந்து எழுதிய நூலாயிற்றே, முழக்கமாக இருக்குமோ என ஐயுற்றோம். இல்லை! முதற்பக்கத்திலேயே சிரிக்க வைக்கிறார். கதையைத் தொடங்குபவன் ஆம்ஸ்டர்டாம் காப்பித் தரகன் ஒருவன். துரோக்ஸ்டோப்பல் என்று பெயர்; காய்ந்த பயிர்த்தாள் என்று பொருள்படும். பெயருக்கேற்ற நெஞ்சம். கவிதையெல்லாம் பொய், நாடகமெல்லாம் பொய், காப்பி விலை ஒன்றே மெய் என்பான். ஞாயிறு தவறாமல் கோயிலுக்கும் போவான். அவனிடம் பழைய பள்ளித் தோழன் ஒருவன், கந்தல் கோலத்தில் வந்து, ஒரு காகிதக் கட்டைத் தந்துவிட்டுப் போகிறான். காப்பி வாணிகத்திற்குப் பயன்படும் என்ற ஆசையில் தரகன் அதைப் பிரிக்க, உள்ளேயிருந்து சாவகத்தின் அழுகுரல் வெளிப்படுகிறது. தரகன் உருவத்தில் ஆசிரியர் காட்டுவது, நூலைப் படித்துக்கொண்டிருந்த நாட்டினரையேதான்.

நூலின் நடுவே வரும் சயீஜா, அதிந்தா கதைக்காக மட்டுமேனும் இதைப் படிக்கலாம். சயீஜாவின் தந்தைக்கு ஓர் எருமை. அதைத் தலைவன் பறித்தான். வழிவழி வந்த குத்துவாளை விற்று மற்றொன்று வாங்கினான்; அதுவும் போயிற்று. மனைவி வழியில் வந்த வெள்ளிக் கொக்கிகளை விற்று மூன்றாவது வாங்கினான். புலியின் வாயிலிருந்து சிறுவன் சயீஜாவைக் காத்தது அந்த எருமை. அதையும் ஓட்டிச் சென்றனர். வளர்ந்த சயீஜா, எருமை வாங்கப் பணம் ஈட்டி வந்து அதிந்தாவை மணப்பதெனப் பட்டாவியா நகருக்குப் போகிறான். மூன்று ஆண்டு. ஒவ்வொரு திங்களுக்கும் அவள் உரலில் ஒரு கோடு கீறவேண்டும். முப்பத்தாறாம் கோட்டின் மறுநாள் மரத்தடியில் சந்திக்கவேண்டும். திரும்பி வந்தவன் மரத்தடியில் காத்திருந்தான். அவள் வரவில்லை. அவள் வீட்டு எருமையும் பறிபோய், குடும்பமே கடல்கடந்து கலகக்காரரோடு சேர்ந்துவிட்டிருந்தது. அங்கும் தேடிச் செல்கிறான். அங்கே அவன் என்ன கண்டான் என்பதை நாம் சொல்லப்போவதில்லை. ஒரு பேரரசின் கொடுமையை உரலில் கீறிய கோடுகளால் அளந்து காட்டிய எழுத்தாளரை இதற்குமுன் நாம் படித்ததில்லை.

இறுதியில் ஆசிரியர் தாமே எழுந்து வந்து, கதைமாந்தரை ஒதுக்கிவிட்டு, மன்னர் மூன்றாம் வில்லியமை நேருக்கு நேர் விளித்துக் கேட்கிறார். புதின இலக்கணம் அதை ஒப்புமா? ஒப்பாது. ஆனாலும் அந்த இடத்தில் இலக்கணத்தை நினைக்க நமக்குத் தோன்றவில்லை.

நூலை அச்சேற்ற உதவிய வான் லென்னப் என்ற எழுத்தாளர் செய்த உதவியைப் பாருங்கள்! பதிப்புரிமையைத் தம் கைக்கு மாற்றிக்கொண்டார். ஊர்ப்பெயர்களையும் ஆண்டுகளையும் அழித்துப் புள்ளிகளை வைத்தார். எளியவர் வாங்க இயலாத விலையில் வெளியிட்டார். டெக்கர் வழக்காடித் தோற்றார். பெயர்கள் மீண்டது 1875ஆம் ஆண்டுப் பதிப்பில்தான். நூலைத் தடைசெய்யாமலே தடுத்து வைக்கும் கலை, இக்காலத்துக் கண்டுபிடிப்பு அன்று போலும்.

இருந்தும் நூல் பேசப்பட்டது. 1870இல் புதுச்சட்டங்கள் வந்தன. கட்டாயப் பயிர்முறை படிப்படியாகத் தளர்ந்தது. காப்பியில் மட்டும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஒட்டிக்கொண்டிருந்தது. இந்நூல் ஒன்றே அதைச் சாதித்தது என்பார் கூற்றை நாம் ஏற்கவில்லை. அரசு விலகிய இடத்தில் தனியார் முதலாளிகள் நுழைந்தனர். அவர்களுக்காக வாதாடியவர்களும் இந்நூலையே மேற்கோள் காட்டினர். டெக்கரிடமும் குறையுண்டு. எருமையைப் பறித்த உள்ளூர்த் தலைவனைச் சுட்டிய விரல், அவனை அந்த இருக்கையில் அமர்த்திய ஆட்சி அங்கே இருக்கலாமா என்று கேட்கவில்லை. நல்லாட்சி வேண்டினாரேயன்றி விடுதலை வேண்டினாரல்லர். ஆயினும், இந்தோனேசியாவின் பெரும் புதின ஆசிரியர் பிரமுதியா அனந்த தூர், குடியேற்ற ஆதிக்கத்தைக் கொன்ற நூலென இதனை 1999இல் போற்றினார். சிறையும் தீவாந்தரமும் கண்டவரின் சொல்லுக்கு எடை மிகுதி.

டெக்கர் விடுதி அறையில் எழுதிக்கொண்டிருந்த அதே 1859இல், நம் நாட்டை ஆண்ட வெள்ளையர் ஒரு சட்டம் செய்தனர். முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை விட்டுப் போனால் மூன்று மாதம் வரை சிறை! முதலாளி கூலியை விழுங்கினால்? சட்டம் அதைக் குற்றமாக்கவில்லை. 1925இல் அதை நீக்கும் சட்டம் வரும்வரை, 'முன்பணம்' என்னும் சொல் எத்தனை குடும்பங்களுக்கு விலங்காயிற்று என்பதை மற்ற இரண்டு புதினங்களும் காட்டுகின்றன.

ஒன்று, முல்க்ராஜ் ஆனந்த் 1937இல் ஆங்கிலத்தில் எழுதிய 'இரண்டு இலையும் ஒரு மொட்டும்'. பஞ்சாப் உழவன் கங்கு, நிலம் கிடைக்குமென்ற பொய்யை நம்பி அசாம் தேயிலைத் தோட்டத்திற்குப் போகிறான். மனைவியை நோய் கொள்கிறது. அவன் மகளை விரட்டிய துரையின் குண்டு அவனைக் கொல்கிறது. நீதிமன்றம் துரையை விடுவிக்கிறது. ஆனந்தின் நோக்கம் உயர்ந்தது. ஆனால் துரைமார் வரும் பக்கங்களில் மேடைப்பேச்சின் வாடை வீசுகிறது. ஒருமுறை படித்தால் போதும்.

மற்றொன்று நம் மண்ணின் கதை. வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ'. மருத்துவர் எழுதிய நூல் என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. காய்ச்சலின் நடுக்கம், அட்டை கடித்த கால், பாலற்ற தாயின் மார்பு ஆகியவற்றை அலங்காரமின்றி எழுதுகிறார். நெல்லைச் சீமையின் மயிலோடைச் சிற்றூரில் பசியோடிருக்கும் கருப்பன், வள்ளி இணையரை மேஸ்திரி ஒருவன் முன்பணம் தந்து ஆனைமலைக்கு அழைத்துப் போகிறான். காலம் 1920கள். லயத்தில் ஓர் அறையைப் பல குடும்பங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆண்டு முடிவில் கணக்குத் தீர்க்கும் நாள் வருகிறது. உழைத்தவன் கையில் காசு நிற்கவில்லை, கடன் நிற்கிறது. ஊர் திரும்பலாம் என்ற நினைப்பு ஆண்டுதோறும் ஓராண்டு தள்ளிப்போகிறது. டெக்கரின் உரல்கோட்டுக்கு முப்பத்தாறு என்ற எல்லையேனும் இருந்தது; கருப்பனுக்கு அதுவும் இல்லை.

தமிழரைப் பற்றிய இந்நூல் தமிழுக்கு வர 38 ஆண்டுகள் ஆயின. 2007இல் இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் மொழிபெயர்த்தார்; 2013இல் இதனைத் தழுவிப் 'பரதேசி' திரைப்படம் வந்தபோது பலர் நூலைத் தேடினர். படம் பார்த்ததால் நூல் வேண்டா என்போர்க்கு ஒரு சொல்: கணக்குத் தீர்க்கும் நாளைப் பற்றிய பக்கங்களைப் பொறுமையாக, கணக்கைக் கூட்டிக் கழித்துப் படிக்கவேண்டும். திரையில் அதற்கு நேரமில்லை.

எனவே தோழர்களே, முதலில் 'எரியும் பனிக்காடு' படியுங்கள். அதன் பின்னர் 'மேக்ஸ் ஹாவ்லார்'. ராய் எட்வர்ட்ஸ் 1967இல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு படிப்பதற்குத் தடையின்றிச் செல்கிறது. தரகனின் பேச்சு முதல் சில இயல்களில் சலிப்பூட்டினால் மூடிவிடாதீர்கள். அவன் சலிப்பூட்டுவதற்கென்றே படைக்கப்பட்டவன். நம் பள்ளி நூலகத்தில் 'எரியும் பனிக்காடு' ஒரு படிதான் உள்ளது. பதினோராம் வகுப்பு மாணவியர் ஐவர் அதற்கு முன்பதிவு செய்திருக்கின்றனர். ஆறாவதாக நம் தலைமையாசிரியர்.