கனமும் பலமும்

எங்கள் அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் விரல் முட்டியால் சுவரை இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பார். சத்தமே வராவிட்டால் திருப்தியாகத் தலையை ஆட்டுவார். 'டொக்' என்று கேட்டுவிட்டாலோ, அந்த வீட்டுக் காப்பிகூட அவருக்கு ருசிக்காது.

அப்படிப்பட்டவர் 1990ல், கோவில்பட்டிக்குப் பக்கத்தில், கரிசல் மண்ணில் சொந்த வீடு கட்டினார். ஒன்றரை அடி கனத்தில் சுவர். கொத்தனார் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஐயா, இது கரிசல். மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும். சுவரைத் தடிப்பாக்கிப் பிரயோசனமில்லை. அஸ்திவாரம் இன்னும் கீழே போகணும்." அப்பா கேட்கவில்லை. "குழிக்குள்ளே போடுகிற பணம் யார் கண்ணுக்குத் தெரியும்? சுவரைக் கெட்டியாக எழுப்பு" என்றார்.

இரண்டு கோடை போயிற்று. கூடத்துச் சுவரில் மூலைக்கு மூலை ஒரு வெடிப்பு விழுந்தது. பத்து வயதுப் பையனான என் கை அதற்குள் மணிக்கட்டு வரை போகும். அப்பா கொத்தனாரைக் கூப்பிட்டு வாயில் வந்தபடியெல்லாம் பேசினார். பாக்கிக் கூலி ஆயிரத்து எண்ணூறு ரூபாயைக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். கொத்தனார் பதில் பேசாமல் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அப்புறம் அவர் எங்கள் தெரு வழியாக வந்ததே இல்லை.

இதெல்லாம் மறந்து போயிருந்தது. போன வருஷம் அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் இருக்கும் என் அக்காள் மகன் ஒரு படம் அனுப்பினான். அவன் சின்னதாக ஒரு வீடு கட்டுகிறான். படத்தில், சுவரின் ஒரு துண்டத்தை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே கூப்பிட்டேன்.

"என்னடா இது, தெர்மோகோல் வீடா?"

"கிட்டத்தட்ட அதுதான் மாமா. இரண்டு பக்கமும் பலகை, நடுவிலே நுரை. கீழே அஸ்திவாரமும் தோண்டவில்லை. இரும்புத் திருகுகளை மண்ணுக்குள் முடுக்கி, அதன் மேலே வீடு. தாத்தா இருந்திருந்தால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வாசலோடு திரும்பியிருப்பார்."

நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. இந்தக் கூத்து எங்கே ஆரம்பித்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். நான் படித்ததைத்தான் நேயர்களுக்குச் சொல்லப் போகிறேன்.

விஸ்கான்ஸின் மாகாணத்தில் மாடிசன் என்று ஒரு நகரம். அங்கே அமெரிக்க அரசாங்கத்தின் வனப் பொருள் ஆராய்ச்சிக் கூடம் 1910லிருந்து நடந்து வருகிறது. 1930களில் அந்த நாட்டைப் பெரும் பொருளாதார மந்தம் பிடித்து ஆட்டியது. மலிவாக வீடு கட்ட வழி உண்டா என்று கூடத்து விஞ்ஞானிகள் யோசித்தார்கள். அதுவரை மர வீட்டில் சட்டங்கள்தாம் பாரம் சுமந்தன. மேலே அடித்த பலகை வெறும் போர்வை. "போர்வையும் ஏன் சுமக்கக் கூடாது?" என்று அவர்கள் கேட்டார்கள். மெல்லிய சட்டத்தின் இரு புறமும் பிளைவுட் பலகைகளைப் பசையிட்டு ஒட்டி, 1935ல் ஒரு மாதிரி வீடு எழுப்பினார்கள். அது நின்றது.

இதில் என்ன சூட்சுமம் என்று கேட்பவர்கள் கொல்லைப்புறம் போய் ஒரு வாழை மட்டையைக் குறுக்கே வெட்டிப் பார்க்கலாம். மேலும் கீழும் மெல்லிய தோல்; நடுவில் சின்னச் சின்ன அறைகளில் வெறும் காற்று. கையில் எடுத்தால் கனமே இல்லை. ஆனால் ஓர் ஆள் நீளத்துக்கு இருக்கும் இலையை அந்த மட்டைதான் காற்றில் ஏந்தி நிற்கிறது. வளைக்க முயன்றால் ஒரு தோல் இழுபடும், மற்றது அமுங்கும். இரண்டையும் விலக விடாமலும் நெருங்க விடாமலும் நடுப்பகுதி பிடித்துக்கொள்கிறது. இந்தப் பேனல் சுவரின் தத்துவமும் அதுவே.

நடுவில் எதை வைப்பது என்பதில்தான் வருஷங்கள் கழிந்தன. பிரசித்தி பெற்ற கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட், அதே மாடிசனில் 1937ல் ஜேகப்ஸ் என்ற பத்திரிகையாளருக்கு 5,500 டாலர் செலவில் ஒரு சிறு வீடு கட்டினார். பலகை மேல் பலகையாக அடுக்கிய மெல்லிய சுவர். பார்க்க அழகுதான், ஆனால் குளிரைத் தடுக்கப் போதாது. 1947ல் ஆராய்ச்சிக் கூடத்தார் தேன்கூடு போல் மடித்த காகிதத்தை நடுவில் வைத்துச் சோதனை வீடு ஒன்று கட்டினார்கள். 1978ல் அதைப் பிரிக்கும் வரை பொறுமையாகக் கவனித்துக் குறித்து வைத்தார்கள். 31 வருஷம்!

வழி கண்டவர் ஆல்டன் டவ். மிச்சிகனில் மிட்லண்ட் என்ற ஊரில் பெரிய ரசாயனத் தொழிற்சாலையை ஸ்தாபித்தவரின் பிள்ளை. அப்பாவின் தொழிலுக்குப் போகாமல் ரைட்டிடம் போய்க் கட்டடக் கலை பயின்றவர். ஆனால் அப்பாவின் தொழிற்சாலை அவரை விடவில்லை. 1940களில் அங்கே உற்பத்தியான 'ஸ்டைரோபோம்' என்ற நுரை, தண்ணீர் எளிதில் ஏறாத லேசான சரக்கு. யுத்த காலத்தில் மிதவைகளுக்கு உபயோகப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் ஆல்டன் அந்த நுரையைப் பலகைகளுக்கு நடுவே வைத்து மிட்லண்டில் வீடுகள் கட்டினார். குருவின் சுவரில் இருந்த குறை, தகப்பனார் தொழிற்சாலைச் சரக்கால் தீர்ந்தது. இன்று பிளைவுட்டுக்குப் பதில் மரச் சீவல்களைப் பசையிட்டு அழுத்திய பலகை வந்திருக்கிறது. மற்றபடி யோசனை அதேதான்.

சுவர் லேசானால் வேறொரு சங்கடம் உண்டு. கனமான வீடு தன் பாரத்தாலேயே தரையில் உட்கார்ந்திருக்கும். லேசான வீட்டைப் புயல் கிளப்பப் பார்க்கும். ஆகவே அதற்கு வேண்டிய கால், தாங்குகிற கால் மட்டுமல்ல, மண்ணைப் பற்றிக்கொள்கிற காலும்கூட. அந்தக் காலைக் கண்டுபிடித்தவர் ஒரு பார்வையற்ற மனிதர்.

அலெக்ஸாண்டர் மிட்சல் 1780ல் அயர்லாந்தில் பிறந்தார். 22 வயதுக்குள் பார்வை முழுவதும் போயிற்று. பெல்பாஸ்ட் நகரில் செங்கல் சூளை வைத்துப் பிழைத்தார். செங்கல்காரர்தாம் செங்கல் இல்லாத அஸ்திவாரத்தைக் கண்டுபிடித்தார்! 1833ல் இரும்புத் தண்டின் நுனியில் அகலமான திருகு இலை ஒன்றைப் பொருத்தி உரிமை பெற்றார். முதலில் அது கப்பலைக் கட்டிப் போடுவதற்கு, அதாவது இழுத்தால் வராமல் இருப்பதற்கு ஏற்பட்டது. இழுத்தால் வராதது அமுக்கினாலும் இறங்காது அல்லவா? 1838ல் தேம்ஸ் நதி முகத்துவாரத்துச் சேற்று மணலில், கலங்கரை விளக்கம் ஒன்றுக்கு இப்படிப்பட்ட ஒன்பது பைல்களை முடுக்கினார். நான்கடி விட்டத்துத் திருகு இலைகள். எத்தனை கல்லைக் கொட்டினாலும் விழுங்கிவிடும் அந்த மணல், திருகை விழுங்க முடியாமல் நின்றது. ஆற்று நீரோட்டம் அடிமணலை அரித்து 1932ல் சாய்க்கும் வரை விளக்கு அங்கே இருந்தது.

நம் ஊருக்கும் அந்தத் திருகு வந்திருக்கிறது. 1860களின் தொடக்கத்தில் சென்னைக் கடற்கரையிலிருந்து அலைக்குள் நீட்டிக் கட்டிய இரும்புத் துறைப்பாலம் நின்றது மிட்சலின் திருகுக் கால்களின் மேல்தான்.

மிச்சிகனில் அவை ஏன் தேவைப்படுகின்றன என்று என் மருமகனைக் கேட்டேன். "பனிக் காலத்திலே மண்ணுக்குள் இருக்கிற தண்ணீர் உறைந்து, மண் ஊதி எழும்பும் மாமா. வெயில் வந்தால் அமுங்கும். மேல் மண்ணை நம்பினால் வீடு வெடிக்கும். திருகு அதற்கும் கீழே போய் அசையாத மண்ணைப் பிடித்துக்கொள்ளும்."

எனக்குச் சுரீரென்றது. மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும் என்று முப்பது வருஷங்களுக்கு முன் ஒருவர் எங்கள் வாசலில் நின்று சொன்ன அதே வார்த்தை! அதற்கும் வெகு காலம் முன்பே, 1950களில், ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் கரிசலுக்கென்றே ஒரு பைல் கண்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு அடி துளையிட்டு, அடியில் குடம் போல் அகலப்படுத்திக் கான்கிரீட் ஊற்றுவது. குடம் அசையாத மண்ணில் சிக்கிக்கொள்ளும். மேல் மண் எப்படிப் புரண்டாலும் வீட்டுக்குக் கவலையில்லை. அப்பாவின் ஒன்றரை அடிச் சுவருக்கு அந்தக் குடம் இல்லை.

பேனல் வீட்டுக்கும் குறை உண்டு. 2001 வாக்கில் அலாஸ்காவில் ஜூனோ என்ற ஊரில் பல பேனல் கூரைகள் உளுத்துப் போயின. பலகையில் பிழையில்லை, இரண்டு பலகை சேரும் இடத்தைச் சரியாக அடைக்காததால், வீட்டுக்குள்ளிருந்த ஈரக் காற்று இடுக்கு வழியே ஏறி மரத்தைத் தின்றுவிட்டது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சிக்கனம் பிடித்தால் எந்த வீடும் கேட்கும்.

போன தை மாதம் ஊருக்குப் போனேன். கொத்தனார் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டதாம். அவர் மகனும் கொத்தனார்தான். விவரம் சொல்லி, பழைய பாக்கியை வட்டியோடு ஒரு கவரில் வைத்து நீட்டினேன். ரூர்க்கி பைலைப் பற்றியும் உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

"தெரியும் சார், இப்போ இங்கே நாங்க அப்படித்தான் போடுறோம்" என்றார். கவரைக் கையில் வைத்துக்கொண்டு சற்று யோசித்தார்.

"அப்பா கடைசி வரைக்கும் அந்த வீட்டைப் பற்றிச் சொல்லுவார் சார். 'ஐயாவிடம் இன்னும் ஒரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கணும்' என்பார். கூலியைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லை."