சாலைச் சோதனையும் பஞ்சநாமாவும்: மதுவிலக்குக் காலத் தாராவி

வாகனத்தை வழிமறித்துச் சோதிக்கும் காவலர் கண்ணில் பட்ட பொருளைக் கைப்பற்றலாமா? அமெரிக்காவில் இக்கேள்வி மதுவிலக்கோடு பிறந்தது. இருக்கைக்குள் சாராயப் புட்டிகளை மறைத்துச் சென்ற ஒரு கார், 1925இல் ‘கரோல்’ தீர்ப்புக்கு வழிவகுத்தது. நியாயமான காரணம் இருப்பின் ஆணையின்றியே வாகனத்தைச் சோதிக்கலாம் என்றது நீதிமன்றம். கண்ணெதிரே கிடப்பதைக் கைப்பற்றும் உரிமையைப் பின்னர் வரையறுத்தபோது, காவலர் நின்ற இடத்தில் நிற்க அவருக்கு உரிமை இருந்ததா என்றும் அது கேட்டது.

பம்பாயிலும் மதுவிலக்குதான் காவலரைச் சாலைக்குக் கொண்டுவந்தது. அங்கே அக்கேள்விக்கு எடை இருக்கவில்லை. 1949ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் ஆணையின்றிக் கைது செய்யவும் பறிமுதல் செய்யவும் இடமளித்தது. அதன் 103ஆம் பிரிவோ, மதுவையும் வடிகலனையும் மூலப்பொருளையும் வைத்திருந்ததற்குத் தக்க விளக்கம் தராதவர் குற்றம் செய்தவர் என்றே அனுமானித்தது. தாராவியின் தோல் பதனிடும் கூடங்களை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் பலர். அவர்களிடையே சாராயம் காய்ச்சுவது இன்னொரு பிழைப்பாயிற்று. வெல்லமும் நவச்சாரமும் ஊறலுக்கு, டயர் டியூப் சரக்கைக் கொண்டு செல்ல. மூன்றும் கடைத்தெருவில் சாதாரணமாகக் கிடைப்பவை. அவை எவர் கையில் இருந்தால் தடயமாகின்றன என்பதே சிக்கல்.

சோதனை முறையற்றது என்று வாதிட்டுப் பயனுண்டா? பூரன்மல் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, சட்டவிரோதச் சோதனையில் கிடைத்த சான்றும் தொடர்புடையதாயின் ஏற்கத்தக்கதே என்றது. வழக்கு வருமான வரி பற்றியது. ஆனால் அமர்வு துணைக்கழைத்த முன்தீர்ப்புகளுள் ஒன்று 1955இன் ‘குருமா’. காலனியாதிக்கக் கென்யாவில் சாலைத் தடுப்பில் மிதிவண்டியோடு நிறுத்தப்பட்ட ஒருவரிடம் இரண்டு தோட்டாக்கள் கிடைத்தன. சோதித்த காவலர்களுக்கு அதற்குரிய பதவித் தகுதி இல்லை. ஆயினும் மரண தண்டனைக்கெதிரான மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. நெருக்கடிநிலைக் காலக் காலனி ஒன்றின் சாலையோர வழக்கு சுதந்திர இந்தியாவின் சான்றுச் சட்டத்துக்குத் தூணானது வியப்புக்குரியதே.

எனவே எல்லாப் பாரமும் பஞ்சநாமாவின்மீது விழுகிறது. தமிழ்நாட்டுக் காவல் நிலையங்கள் ‘மகஜர்’ என்பதும் ஏறத்தாழ இதுவே. அச்சொல்லின் அரபு வேர் ‘முன்னிலை’ எனப் பொருள்படும். யார் முன்னிலை? 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், இடச் சோதனைக்கு அப்பகுதியின் ‘மதிப்பிற்குரிய’ இருவரைக் கோரியது. ‘சுதந்திரமான’ என்ற அடைமொழி 1973இல்தான் சேர்ந்தது. ஆங்கிலம் அறிந்த தமிழ் எழுத்தர்கள் வாழ்ந்த மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அத்தகையோருக்குப் பஞ்சமில்லை. தாராவிக் குடிசைவாசியை அவ்வாறு அழைக்க எந்தக் காவலருக்கு மனம் வந்திருக்கும்? காவலர் கைவசம் வைத்திருக்கும் வழக்கமான பஞ்சுகளைப் பற்றி நீதிமன்றங்களே குறைப்பட்டதுண்டு. தமிழ் மட்டுமே அறிந்தவருக்கு மராத்திப் பஞ்சநாமா வெறும் கைநாட்டு வைக்கும் தாள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு, சோதனையும் கைப்பற்றலும் பட்டியல் தயாரிப்பும் ஒலி, ஒளிப்பதிவாக வேண்டும் என்கிறது. வண்டி ஏன் நிறுத்தப்பட்டது என்பதைப் பற்றி அப்பிரிவு பேசவில்லை.