எட்டு விநாடிக்கு முந்தைய நான்

மலருக்குக் கட்டுரை என்றால் நம் ஆட்கள் பாலம், டர்பைன், சாஃப்ட்வேர் என்று எழுதுவார்கள். நான் கொஞ்சம் விலகி, கேமராவையும் டிவியையும் வைத்து மூன்று அமெரிக்கர்கள் செய்த வேலையைச் சொல்கிறேன். கலை என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது முழுக்க நம்ம சரக்குதான்.

1960களின் பிற்பாதியில் தனி ஆள் சுமந்து செல்லக்கூடிய வீடியோ ரெக்கார்டர் கடைக்கு வந்தது. ஃபிலிம் என்றால் கழுவி எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். வீடியோவில் படம் அந்தக் கணமே திரையில்! பார்க்க வந்தவரையே படத்துக்குள் இழுத்துவிடலாம் என்று சிலருக்குப் பொறி தட்டியது.

புரூஸ் நாமன் 1970-இல் ஒரு சந்து கட்டினார். அகலம் சுமார் 20 அங்குலம். ஒரு ஆள்தான் நுழையலாம். கடைசியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு டிவி. ஒன்றில் முன்பே பதிவு செய்த காலிச் சந்து ஓடுகிறது. அதில் நீங்கள் வரவே மாட்டீர்கள். மற்றதில் வருகிறீர்கள், ஆனால் முதுகு மட்டும். கேமரா வாசலுக்கு மேலே, உங்களுக்குப் பின்னால் இருக்கிறது. டிவியை நெருங்க நெருங்க கேமராவை விட்டுத் தள்ளிப் போகிறீர்கள். உருவம் சிறுத்துக்கொண்டே போகும். சர்க்யூட்டில் ஒரு மர்மமும் கிடையாது. இரண்டு பெட்டிகளை எங்கே வைத்தார் என்பதில்தான் அத்தனை சூட்சுமமும்.

டான் கிரஹாம் 1974-இல் காலத்திலேயே கை வைத்தார். ஓர் அறை, இரண்டு சுவர்களில் கண்ணாடி. இன்னொரு சுவரில் மானிட்டர், அதற்கு மேல் கேமரா. கண்ணாடியில் இப்போதைய நீங்கள். மானிட்டரில் எட்டு விநாடிக்கு முந்தைய நீங்கள். எதிரே உள்ள கண்ணாடியில் தெரியும் மானிட்டரையும் கேமரா படம் பிடிப்பதால், படத்துக்குள் பதினாறு விநாடிக்கு முந்தைய நீங்கள், அதற்குள் இருபத்து நான்கு... கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் வகுப்பில் ஃபீட்பேக் லூப்பில் டிலே வந்தால் என்ன ஆகும் என்று கரும்பலகை நிறையப் போட்டார்களே, அதற்குள்ளேயே ஆளை நிறுத்திவிட்டார் மனுஷன். எட்டு விநாடி ஏன்? மனிதனின் உடனடி நினைவு அவ்வளவு தூரம்தான் தாங்கும் என்பது அவர் கணக்கு. கையை ஆட்டிவிட்டு நிற்கிறீர்கள். நீங்கள் நின்ற பிறகு திரையில் கை ஆடுகிறது. எது நீங்கள்?

மூன்றாமவர் மைரன் குரூகர், நம் ஜாதி; விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டர்காரர். 1970-இல் 'மெட்டாபிளே' என்ற காட்சிக்காக, கேலரியில் ஒருவரும் சுமார் ஒரு மைல் தள்ளிக் கம்ப்யூட்டர் சென்டரில் அவருமாக உட்கார்ந்து, ஒரு சிக்னல் கோளாறை வீடியோ வழியே ஆராய்ந்தார்கள். இருவர் கையும் ஒரே திரையில் தெரிந்தன. படத்தில் குரூகரின் கை நண்பர் கைமேல் பட்டதும், அவர் சட்டென்று தன் கையை விலக்கிக்கொண்டார். ஒரு மைல் இடைவெளி, பட்டது வெறும் வெளிச்சம். ஆனாலும் கூச்சம் நிஜம். என்னைக் கேட்டால் இந்த வரலாற்றில் மிக முக்கியமான நிகழ்ச்சி, யாரும் திட்டமிடாத இதுதான்.

அதைப் பிடித்துக்கொண்டுதான் 1970களின் நடுவில் 'வீடியோபிளேஸ்' வேலையைத் தொடங்கினார். தலைக்கவசம், கையுறை எதுவும் வேண்டாம். கேமரா உங்கள் நிழலுருவைப் பிடித்துக்கொள்ளும். பின்னாளில் அதில் 'க்ரிட்டர்' என்ற குட்டி உயிரையும் விட்டார். கையை நீட்டினால் வந்து தொங்கும். விட்டால் உடம்பில் தொற்றி ஏறி, உச்சந்தலையில் நின்று ஒரு ஆட்டம் போடும்.