கொல்லிமலையில் எஸ்.டி., பர்கூரில் இல்லை: மலையாளி மக்களைப் பிரிக்கும் மாவட்டக் கோடு

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் வாழும் மலையாளி மக்கள் பழங்குடியினர் பட்டியலில் இருக்காங்க. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் அதே பெயரில் வாழும் மக்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஏன் இப்படி?

யார் இவர்கள்?

கேரளாவுக்கும் இவங்களுக்கும் சம்பந்தம் இல்லை. பேசுவது தமிழ்தான். மலையில் வாழ்வதால் இந்தப் பெயர். காஞ்சிபுரத்தில் இருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேர், ஆளுக்கொரு மலையில் குடியேறியதாக ஒரு கதை இவர்களிடம் உண்டு.

சட்டத்தில் என்ன இருக்கு?

எஸ்.டி. பட்டியலில் மலையாளி என்ற பெயருடன் தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி என 6 மாவட்டங்கள் சேர்க்கப்பட்டுள்ளன. நாமக்கல் 1997-ல் சேலத்தில் இருந்து பிரிந்தது. அதனால் கொல்லிமலைக்குச் சிக்கல் இல்லை. ஈரோடு 1979-ல் கோவையில் இருந்து பிரிந்தது. அந்த 6 மாவட்டங்களில் கோவை கிடையாது. அங்கதான் பிரச்சனை.

இதனால் என்ன ஆகும்?

* எஸ்.டி. சான்றிதழ் இருந்தால் மாநில அரசு வேலை, கல்வியில் 1%, மத்திய அரசில் 7.5% இடஒதுக்கீட்டில் போட்டியிடலாம்.
* தமிழகத்தின் 234 தொகுதிகளில் ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய 2 மட்டுமே எஸ்.டி. தொகுதிகள். கொல்லிமலை சேந்தமங்கலத்தில் வருது. அங்கே சமவெளி மக்களும் ஓட்டுப் போடலாம், ஆனால் எஸ்.டி. பிரிவினர் மட்டுமே போட்டியிட முடியும்.
* 2006 வன உரிமைச் சட்டப்படி, காட்டு நிலத்துக்கு உரிமை கேட்கும் எஸ்.டி. மக்கள் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். மற்றவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள் வாழ்ந்ததை நிரூபிக்கணும்.
* சாதிச் சான்றிதழ் பொதுவாக அப்பா வழியில்தான். சேலம் மாவட்ட மலையாளிப் பெண் பர்கூரில் வாழ்க்கைப்பட்டால், அம்மாவுக்கு இருக்கும் எஸ்.டி. சலுகை பிள்ளைகளுக்குக் கிடைக்காது.

வெளிநாட்டில் எப்படி?

எத்தியோப்பியாவின் 1995 அரசியலமைப்பு, இனத்தின் அடிப்படையில் மாநிலங்களை அமைத்தது. ஒரோமோ மக்களுக்கு ஒரோமியா, பக்கத்திலேயே அஃபார் மக்களுக்கு அஃபார். அங்கே மக்களைப் பார்த்து எல்லை போட்டாங்க. இங்கே எல்லையைப் பார்த்து மக்களைப் பிரிக்கிறாங்க. ஆனா ஒன்று, எங்கே கோடு போட்டாலும் அதன் ஓரத்தில் வாழ்பவர்களுக்குத்தான் சிக்கல்.

யார் மாற்ற முடியும்?

மாநில அரசு பரிந்துரை மட்டுமே செய்யலாம். அரசியலமைப்பின் 342-வது பிரிவுப்படி, பட்டியலைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டும்தான். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைச் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில் இந்த வழியில்தான் நிறைவேறியது. ஈரோடு மலையாளிகள் கேட்பதும் அப்படி ஒரு திருத்தத்தைத்தான்.